காரை மாத்துறீங்களா? 50% இன்சூரன்ஸ் தள்ளுபடியை பழைய காரோட விட்டுடாதீங்க... முழு விவரம்!

எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு? பழைய காருக்கு என்ன விலை போடுவீங்க? ஆக்சஸரீஸ் ஃப்ரீயா? புது கார் வாங்கப் போகும் பலரும் ஷோரூமில் மணிக்கணக்கில் பேரம் பேசுவது இதைப் பற்றித்தான். ஆயிரம் ரூபாய்க்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆனால், அதே ஆட்கள் பழைய காரின் சாவியைக் கொடுக்கும்போது, பல வருடமாகச் சேர்த்து வைத்த ஒரு தள்ளுபடியையும் கவனிக்காமல் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதுதான் என்சிபி எனப்படும் நோ கிளைம் போனஸ். ஒரு வருடம் முழுக்க கிளைம் எடுக்காமல் இருந்தால், அடுத்த வருட பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி இது.

"கார் போயிடுச்சுன்னா பாலிசியும் போச்சு, தள்ளுபடியும் போச்சு" என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அது சரியல்ல. அதேசமயம், "அது தானா புது காருக்கு வந்துடும்" என்று நினைப்பதும் சரியல்ல. பாலிசி பாதியில் இருக்கும்போது காரை மாற்றினால் என்ன ஆகும்? தள்ளுபடியைக் காப்பாற்றுவது எப்படி? அவசரப்பட்டு பழைய பாலிசியை ரத்து செய்தால் என்ன ஆபத்து? பார்க்கலாம்.

*எதில் தள்ளுபடி, எவ்வளவு?*

கார் இன்சூரன்ஸில் முக்கியமாக இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்'. இன்னொன்று, உங்கள் காரால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான 'தேர்டு பார்ட்டி'. என்சிபி தள்ளுபடி ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான்.

தள்ளுபடி விகிதம் இதுதான்:

- 1 வருடம் கிளைம் இல்லை என்றால்: 20%
- தொடர்ந்து 2 வருடம்: 25%
- தொடர்ந்து 3 வருடம்: 35%
- தொடர்ந்து 4 வருடம்: 45%
- தொடர்ந்து 5 வருடம்: 50%

அதற்கு மேல் ஏறாது. நடுவில் ஓன் டேமேஜில் ஒரு கிளைம் எடுத்துவிட்டால், அடுத்த புதுப்பித்தலில் மறுபடியும் பூஜ்ஜியம். என்சிபி புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுத்தவர்களுக்கு மட்டும், அந்தக் கவரின் நிபந்தனைப்படி விலக்கு உண்டு.

தேர்டு பார்ட்டி கட்டணத்தில் என்சிபி கிடையாது. உதாரணமாக, 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையிலான புது காருக்கு 3 வருட தேர்டு பார்ட்டி பிரீமியம் 10,640 ரூபாய். நீங்கள் எத்தனை வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டியிருந்தாலும் இதில் ஒரு ரூபாய்கூட குறையாது.

*தள்ளுபடி காருக்கா, ஓனருக்கா?*

இந்த விதிகளுக்கு அடிப்படை 2002-ம் ஆண்டின் இந்திய மோட்டார் டேரிஃப். ஓன் டேமேஜ் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்று 2007 ஜனவரி 1 முதல் மாறியது. ஆனாலும், என்சிபி நடைமுறை பெரும்பாலும் அந்தப் பழைய விதிகளின் அடிப்படையில்தான் நடக்கிறது.

அந்த விதி தெளிவாக ஒரு விஷயத்தைச் சொல்கிறது. என்சிபி உரிமை பாலிசி எடுத்த நபரோடு போகும். வண்டியோடும் போகாது, பாலிசியோடும் போகாது. அதாவது காரை விற்றாலும் அந்தத் தள்ளுபடி உங்களுடையதுதான். காரை வாங்குபவருக்கு அது சேராது.

இன்சூரன்ஸ் நிறுவனத்தை மாற்றினாலும் பிரச்சினை இல்லை. பழைய நிறுவனத்தில் சேர்த்த என்சிபியை புது நிறுவனத்தில் பயன்படுத்தலாம். அதற்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே நிபந்தனை, வாகனம் ஒரே வகையாக இருக்க வேண்டும். சொந்தக் காரில் சேர்த்த என்சிபி இன்னொரு சொந்தக் காருக்குத்தான். பைக்கில் சேர்த்ததை காருக்குக் கொண்டுவர முடியாது. சொந்தக் காரில் சேர்த்ததை டாக்ஸிக்கும் கொண்டுபோக முடியாது. பெட்ரோல் காரிலிருந்து எலெக்ட்ரிக் காருக்கு மாறினால்? இரண்டுமே சொந்தப் பயன்பாட்டு கார் என்பதால் தடை இல்லை.

*பாலிசி பாதியில் இருக்கும்போது மாற்றினால் என்ன ஆகும்?*

பலர் குழம்புவது இங்கேதான். என்சிபியில் 'முழு வருடம்' என்பதுதான் கணக்கு. பாலிசி தொடங்கி 10 மாதம் கிளைம் இல்லாமல் ஓட்டியிருந்தாலும், அது முழு வருடம் ஆகாது.

மதுரையில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 4 வருடம் கிளைம் இல்லாமல் முடித்துவிட்டார். இப்போது ஐந்தாவது வருட பாலிசி ஓடுகிறது. அதில் 45% தள்ளுபடி பெற்றிருக்கிறார். பாலிசி ஜனவரி 1-ல் தொடங்கி டிசம்பர் 31-ல் முடிகிறது. தீபாவளிக்கு புது கார் எடுக்க ஆசை. பழைய காரை அக்டோபரில் விற்கிறார்.

இவருக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, என்சிபி சான்றிதழ். பழைய காரை விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டி, என்சிபியை தன் பெயரில் நிறுத்தி வைக்கும்படி பழைய நிறுவனத்திடம் கேட்கலாம். அவர்கள் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதில் 45% என்றுதான் இருக்கும், 50% அல்ல. காரணம், கடைசியாக முழுதாக முடிந்த 12 மாத பாலிசியில் என்ன சேர்ந்ததோ அதுதான் கணக்கு. ஜனவரி முதல் அக்டோபர் வரை ஓட்டிய மாதங்கள் சேராது. புது காருக்கு 45% கிடைக்கும். அதிலிருந்து இன்னொரு முழு வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டினால்தான் 50%.

இரண்டாவது வழி, வண்டி மாற்று. ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் பழைய காருக்குப் பதிலாக வேறு காரை சேர்ப்பது. பிரீமியத்தில் வித்தியாசம் இருந்தால், மீதமுள்ள நாட்களுக்கு மட்டும் கணக்குப் போட்டு கட்ட வேண்டும். பாலிசி தொடர்ந்து ஓடுவதால், டிசம்பர் 31-ல் வருடம் முழுமையாகும். கிளைம் இல்லை என்றால் புதுப்பிக்கும்போது 50%.

இரண்டாவது வழிதானே நல்லது என்று தோன்றலாம். ஆனால், ஷோரூமிலிருந்து எடுக்கும் புத்தம் புது காருக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு பொதுநல வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் விற்கும் புது கார்களுக்கு 3 வருட தேர்டு பார்ட்டி கவர் கட்டாயம். பழைய பாலிசியில் மிச்சமிருக்கும் இரண்டு, மூன்று மாதம் அதற்குப் போதாது.

ஆக, புது கார் என்றால் சான்றிதழ் வழி. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறீர்கள் என்றால், வண்டி மாற்று முடியுமா என்று உங்கள் நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். அப்போது விற்ற பழைய காருக்கு இன்சூரன்ஸ் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அதையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

*ஒரு மாதம் பொறுத்தால் லாபமா?*

முழு வருடம்தான் கணக்கு என்பதால், பாலிசி முடிய கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்றால் பொறுத்திருப்பது லாபம். எவ்வளவு லாபம் என்பது நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

புது காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 20,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அடுத்த 5 வருடமும் கிளைம் இல்லை, பிரீமியமும் அதே அளவு என்று எடுத்துக்கொண்டால்:

- இப்போது 45% இருப்பவர், வருடம் முடியும் வரை பொறுத்து 50% ஆக்கிக்கொண்டால் மிச்சம் 1,000 ரூபாய்.
- இப்போது 25% இருப்பவர், பொறுத்து 35% ஆக்கிக்கொண்டால் 5 வருடத்தில் மிச்சம் 5,000 ரூபாய்.
- முதல் வருட பாலிசியில், இன்னும் என்சிபியே இல்லாதவர், பொறுத்து 20% வாங்கிக்கொண்டால் 5 வருடத்தில் மிச்சம் 10,000 ரூபாய்.

முதல் வருடத்தில் இருப்பவருக்குத்தான் இழப்பு அதிகம். 11 மாதம் கழித்து விற்றால் கையில் பூஜ்ஜியம். அங்கே தொடங்கியவர் அடுத்த 5 வருடமும் ஒரு படி பின்னாலேயே வர வேண்டும். 45% இருப்பவருக்கு வித்தியாசம் ஒரே வருடத்தோடு முடிந்துவிடும். அவர் 1,000 ரூபாய்க்காக நல்ல எக்ஸ்சேஞ்ச் ஆஃபரை விட வேண்டியதில்லை.

*சான்றிதழே வாங்காமல் விட்டால்?*

அதே 20,000 ரூபாய் கணக்கை எடுத்துக்கொள்வோம். 45% சான்றிதழோடு போனால் முதல் வருடம் 11,000 ரூபாய், அடுத்த 4 வருடம் தலா 10,000 ரூபாய். மொத்தம் 51,000 ரூபாய்.

சான்றிதழ் இல்லாமல் பூஜ்ஜியத்தில் தொடங்கினால் 20,000, 16,000, 15,000, 13,000, 11,000 என்று போகும். மொத்தம் 75,000 ரூபாய்.

வித்தியாசம் 24,000 ரூபாய். இதற்கு மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 28,320 ரூபாய். உண்மையில் காரின் மதிப்பு வருடா வருடம் குறைவதால் ஓன் டேமேஜ் பிரீமியமும் குறையும்; அதனால் இந்தத் தொகை கொஞ்சம் இறங்கும். ஆனாலும் ஒரு கடிதம் கேட்டு வாங்காததற்கு இது பெரிய விலை.

*விற்கும் முன் பெயின்ட் அடிக்க கிளைமா? வேண்டாம்!*

நல்ல விலை கிடைக்க வேண்டும் என்று, விற்பதற்கு முன் பம்பர் கீறலைச் சரிசெய்ய இன்சூரன்ஸ் கிளைம் எடுப்பவர்கள் உண்டு. "எப்படியும் விக்கப் போறோம், பாலிசி சும்மாதானே இருக்கு" என்பது அவர்கள் கணக்கு.

ஆனால், நடப்பு பாலிசியில் கிளைம் எடுத்துவிட்டால், சேர்த்து வைத்த என்சிபி மொத்தமும் போய்விடும். புது காருக்குக் கொண்டுபோக எதுவும் இருக்காது. 5,000 ரூபாய் பெயின்ட் வேலைக்காக மேலே பார்த்த 24,000 ரூபாயை இழப்பதா என்று ஒரு முறை யோசித்துவிடுங்கள்.

*அவசரப்பட்டு பழைய பாலிசியை ரத்து செய்யலாமா?*

தள்ளுபடி போனால் போவது ஆயிரங்கள். இந்த விஷயத்தில் தவறினால் போவது லட்சங்களாக இருக்கலாம்.

காரை விற்றாகிவிட்டது, சாவியைக் கொடுத்தாகிவிட்டது. மீதமுள்ள மாதங்களுக்கு பிரீமியம் திரும்பக் கிடைக்கும் என்று உடனே பாலிசியை ரத்து செய்யத் தோன்றும். கிளைம் எடுக்காத ஒரு வருட பாலிசியை ரத்து செய்தால், மீதி நாட்களுக்கான பிரீமியத்தை விகிதாச்சாரப்படி திருப்பித் தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் வெளியிட்ட சுற்றறிக்கையும் சொல்கிறது.

ஆனால், ஆர்சி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார் புரோக்கர் கைக்குப் போய், அங்கிருந்து இன்னொருவர் கைக்குப் போய், பெயர் மாறாமலே மாதக்கணக்கில் ஓடுவது நடக்கிற விஷயம்தான். அந்த நேரத்தில் அந்தக் கார் யார் மீதாவது மோதினால்?

இப்படி பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டப்படி அவர்தான் ஓனர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதுதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். "நான் எப்பவோ வித்துட்டேன்" என்று சொல்வது எடுபடவில்லை.

தேர்டு பார்ட்டி பாலிசி உயிரோடு இருந்தால், இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்கும். நீங்கள் பாலிசியை ரத்து செய்திருந்தால்? நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். சில ஆயிரம் ரூபாய் ரீஃபண்டுக்காக எடுக்கக்கூடாத ரிஸ்க் இது.

அப்படியானால் என்சிபி சான்றிதழ் வாங்க பாலிசியை ரத்து செய்துதான் ஆக வேண்டுமா? கட்டாயம் இல்லை. பாலிசியை வாங்குபவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அப்போது என்சிபி உங்களோடு பிரிந்து வந்துவிடும். தேர்டு பார்ட்டி கவர் காரோடு தொடரும். இரண்டு தரப்புக்கும் இதுதான் பாதுகாப்பு.

*எந்த வரிசையில் செய்ய வேண்டும்?*

1. பழைய பாலிசியை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். பாலிசி முடியும் தேதி, அதில் போட்டிருக்கும் என்சிபி சதவீதம், பாலிசி யார் பெயரில் இருக்கிறது. புது கார் எடுப்பவர் பெயரும் அதே பெயராக இருக்க வேண்டும். கணவர் பெயரில் உள்ள என்சிபியை மனைவி பெயரில் வாங்கும் காருக்குப் போட முடியாது. இது தெரியாமல் புக்கிங்கில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு வருத்தப்படுபவர்கள் உண்டு.

2. காரை விற்கும்போது படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து போடுவீர்கள். 29 என்பது விற்றவர் ஆர்டிஓவுக்குத் தரும் தகவல். 30 என்பது பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். இரண்டுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால், காரை ஒப்படைத்ததற்கான டெலிவரி ரசீதை தேதி, நேரத்தோடு கேட்டு வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து போட்டுக் கொடுக்காதீர்கள்.

3. விற்பனையை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். "சார், அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொன்னாலும், பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே பாருங்கள்.

4. இந்த ஆவணங்களோடு பழைய இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மெயில் அல்லது கடிதம் அனுப்புங்கள். "என் காரை இந்தத் தேதியில் விற்றுவிட்டேன், என்சிபி சான்றிதழ் தரவும்" என்று இரண்டு வரி போதும். பாலிசி நகல், விற்பனை ஆதாரம், அடையாள ஆவணம் கேட்பார்கள். சில நிறுவனங்கள் புது ஆர்சி நகலும் கேட்கலாம்.

5. சான்றிதழ் வந்ததும் சதவீதத்தைச் சரிபாருங்கள். புது காரின் பாலிசி போடுவதற்கு முன்பே அதைக் கொடுத்துவிடுங்கள். புது கார் டெலிவரி தேதியை இதற்கு ஏற்றபடி வைத்துக்கொண்டால் அலைச்சல் இல்லை.

6. புது பாலிசி கைக்கு வந்ததும், ஓன் டேமேஜ் பகுதியில் என்சிபி கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஷோரூம் சொல்லும் நிறுவனத்தில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. என்சிபி கழித்த பிறகு என்ன பிரீமியம் என்று இரண்டு, மூன்று இடத்தில் கேட்டு ஒப்பிடலாம்.

*உடனே புது கார் வாங்கவில்லை என்றால்?*

காரை விற்றுவிட்டு கொஞ்ச நாள் பைக்கில் போகலாம் என்று நினைக்கிறீர்களா? அப்போதும் என்சிபி வீணாகாது. முந்தைய இன்சூரன்ஸ் முடிந்த தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் புது பாலிசி எடுத்தால் அதைப் பயன்படுத்தலாம். சான்றிதழை மட்டும் விற்ற கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2 வருடம் கழித்து போய்க் கேட்டால் பழைய ஆவணங்களைத் தேடி அலைய வேண்டும்.

இந்த 3 வருட சலுகையை, காரை விற்காமலே புதுப்பிக்க மறந்தவர்கள் தங்களுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. கார் உங்களிடமே இருந்து, பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்கவில்லை என்றால் என்சிபி போய்விடும்.

*செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர் கவனத்துக்கு*

"பாலிசி இன்னும் 8 மாசம் இருக்கு, 50% என்சிபியோட" என்று விளம்பரம் செய்து கார் விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த 50% வாங்குபவருக்கு வராது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவுப்படி, கார் கை மாறினால் தேர்டு பார்ட்டி கவர் வாங்குபவர் பெயருக்கு மாறியதாகக் கருதப்படும். ஆனால் ஓன் டேமேஜ் அப்படி இல்லை. அது நிறுவனத்துக்கும் பாலிசி எடுத்தவருக்கும் இடையேயான ஒப்பந்தம்; தானாக மாறாது என்று உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

எனவே கார் வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவித்து, விற்றவரின் சம்மதத்தோடு பாலிசியை மாற்றிக்கொள்ள வேண்டும். பாலிசியில் உள்ள என்சிபிக்கும் உங்கள் தகுதிக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டி, கார் இடிபட்டால், ரிப்பேர் செலவு உங்கள் தலையில்தான் விழும். கார் விலையைப் பேசும்போதே இந்தத் தொகையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

*வெளிநாட்டில் ஓட்டியவர்களுக்கும் சலுகை உண்டு*

பலருக்குத் தெரியாத சில விஷயங்களும் இந்த விதிகளில் உள்ளன.

சிங்கப்பூர், துபாய் போன்ற இடங்களில் கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்புபவர்கள், அங்கே கிளைம் இல்லாமல் சேர்த்த போனஸுக்கான ஆதாரத்தைக் காட்டினால், இங்கே எடுக்கும் பாலிசியில் என்சிபி கேட்கலாம். அங்குள்ள பாலிசி முடிந்து 3 வருடத்துக்குள் இங்கே பாலிசி எடுக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் முன்பே அங்குள்ள நிறுவனத்திடம் கடிதம் வாங்கிவிடுவது நல்லது.

ஆபீஸ் கொடுத்த காரை ஓட்டி, பிறகு அதையே சொந்தமாக்கிக்கொள்பவர்களுக்கும் வழி உண்டு. அந்தக் காலம் முழுக்க அவர் மட்டுமே அந்தக் காரைப் பயன்படுத்தினார் என்று நிறுவனம் கடிதம் கொடுத்தால், என்சிபி ஊழியருக்கு மாறும்.

பாலிசி எடுத்தவர் இறந்துவிட்டால், அந்தக் காரைத் தொடர்ந்து பயன்படுத்தும் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோருக்கு அவருடைய என்சிபி கிடைக்கும். துக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் பாலிசியைக் கவனிக்காமல் விட்டுவிடுவது இயல்பு. புதுப்பிக்கும் நேரத்தில் இதை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

*பொய் சொன்னால் மாட்டுவீர்கள்*

ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது, "போன வருஷம் கிளைம் எடுத்தீங்களா?" என்ற கேள்வி வரும். 'இல்லை' என்று தட்டினால் பிரீமியம் சட்டென்று குறையும். அந்த ஆசையில் பொய் சொல்ல வேண்டாம்.

என்சிபி கேட்கும்போது தரும் உறுதிமொழியில், தகவல் தவறு என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பகுதியின் எல்லா பலன்களும் பறிபோகும் என்று இருக்கும். பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும் நடைமுறையும் உண்டு. கார் மொத்தமாக நொறுங்கி நிற்கும் நாளில் இது வெளியே வந்தால் என்ன செய்வது? ஏஜென்ட்டோ ஷோரூம் ஊழியரோ உங்களுக்காக படிவம் நிரப்பினாலும், அந்தப் பதிலுக்குப் பொறுப்பு நீங்கள்தான். கையெழுத்து போடும் முன், ஓடிபி சொல்லும் முன், ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஒரே என்சிபியை ஒரே நேரத்தில் இரண்டு கார்களுக்குப் பயன்படுத்தவும் முடியாது. பழைய காரை வைத்துக்கொண்டே இரண்டாவது கார் வாங்கினால், புது காருக்கு பூஜ்ஜியத்தில் தொடங்குவதுதான் வழக்கம்.

*சான்றிதழ் தராமல் இழுத்தடித்தால்?*

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. எழுத்தில் இருக்க வேண்டும். பதில் திருப்தியாக இல்லை என்றால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் செய்யலாம். 155255 என்ற இலவச எண்ணிலும் அழைக்கலாம்.

அதற்கும் தீர்வு இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றாலோ, பதில் ஏற்கும்படி இல்லை என்றாலோ அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

*சுருக்கமாகச் சொன்னால்...*

என்சிபி உங்களுடையது, காருடையது அல்ல. ஆனால் கேட்டு வாங்கினால்தான் கைக்கு வரும். பாலிசி பாதியில் விற்றால், முடிந்த வருடங்களின் தள்ளுபடி மட்டும் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வருடம் கணக்கில் வராது. ஆர்சியில் பெயர் மாறும் வரை, பழைய காரின் தேர்டு பார்ட்டி கவரை ரத்து செய்யாதீர்கள்.

அடுத்த முறை ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் விலைக்கு பேரம் பேச உட்காரும் முன், பழைய பாலிசியில் என்சிபி எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டுப் போங்கள். பேரம் பேசாமலே மிச்சமாகும் காசு அதில்தான் இருக்கிறது.